மூன்றாம் ஆளும் படித்த கடிதங்கள்

புது தில்லி,
9 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

டோமினிக் எழுதுவது. நான் நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

நேற்றிரவிலிருந்து நான் போனை எடுக்கவில்லை என்று கொதித்துக்கொண்டிருப்பாய். காரணம் சொல்லத்தான் இந்தக் கடிதம். துவாக்குடியில் இருக்கும் நம் பட்டறையில் சிங்கப்பூர்க்காரர்கள் பாதிப் பங்கு வாங்கப்போகிறார்கள் என்று நீ நேற்றுக் காலை சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. நம் பட்டறை ராணுவத் தொலைநோக்கிகளுக்கு அலுமினியக் கூடு செய்கிறது. அப்படிப்பட்ட இடத்துக்கு வெளிநாட்டுப் பணம் வந்தால் நாட்டின் பாதுகாப்புக்குக் கெடுதல் உண்டா என்று பார்த்த பிறகுதான் அரசாங்கம் அனுமதி கொடுக்கும். அதைப் பார்க்கிற பிரிவில்தான் நான் இத்தனை வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று காலை மேலதிகாரியிடம் போய், இது என் சொந்த அக்காவின் கம்பெனி, இந்த ஃபைலை நான் தொடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அது வேறு அறைக்குப் போகும். எந்த நிலையில் இருக்கிறது என்று நான் கேட்கவும் கூடாது.

முடிவு வரும்வரை நாம் போனில் பேச வேண்டாம். அக்காவும் தம்பியும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. கடிதம் எழுது. வருகிற ஒவ்வொன்றையும் மேலதிகாரியிடம் கொடுத்துவிடுவேன். அவருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் பிரிவில் தேவதர்ஷினி என்று மண்ணச்சநல்லூர்ப் பெண் ஒருத்தி இருக்கிறாள், அவள்தான் படித்துச் சொல்வாள். அதனால் கொஞ்சம் பார்த்து எழுது.

கோபப்படாதே.

உன் அன்புத் தம்பி,
டோமினிக்

~

பாலக்கரை, திருச்சி,
17 ஜூன் 2025

அன்புத் தம்பி டோமினிக்குக்கும், அவனுக்கு முன்பே இதைப் புரிந்துகொள்ளப்போகும் தேவதர்ஷினிக்கும், ஒன்றும் புரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப்போகும் பெரிய அதிகாரி ஐயாவுக்கும் அல்போன்சாவின் அன்பான வணக்கம்.

நாங்கள் நலம். உன் அத்தானுக்குப் பொன்மலைப் பணிமனையில் இந்த மாதம் காலை ஷிப்ட். மாலையில் வீட்டில் இருந்துகொண்டு என் சமையலில் குற்றம் கண்டுபிடிக்கிறார்.

உன் கடிதத்தைப் படித்து முதலில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. நீ மாறவே இல்லை. வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நாகப்பட்டினம் பாசஞ்சரில் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? அம்மா உனக்கு அரை டிக்கெட் எடுத்திருந்தாள். டி.டி.ஆர். வந்து உன்னைப் பார்க்கக்கூட இல்லை. நீயாகவே எழுந்து நின்று, "சார், எனக்குப் போன வாரமே பன்னெண்டு முடிஞ்சிருச்சு" என்றாய். அம்மா அபராதம் கட்டிவிட்டு வேளாங்கண்ணி வரைக்கும் உன்னோடு பேசவில்லை. நானும்தான். திருவிழாவில் பஞ்சுமிட்டாய் வாங்க வைத்திருந்த காசு அது.

திருவேங்கடம் சாரிடம் நீ இருக்கும் ஆபீஸைப் பற்றிச் சொன்னேன். உனக்குத் தெரியுமே, அப்பா காலத்திலிருந்து பட்டறையில் நமக்குப் பங்காளி, ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருகிறவர். கையைக் கூப்பி, "உங்க தம்பி அங்கேயே இருக்கார்னா பெருமாள் அனுக்ரஹம்னுதான் சொல்லணும்" என்றார். "பெருமாள் வேற தம்பியாக் கொடுத்திருக்கலாம் சார்" என்றேன்.

தம்பி, நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. அதிகாரி ஐயாவும் குறித்துக்கொள்ளட்டும். நிலைமையை மட்டும் சொல்கிறேன். நம்மிடம் கூடு வாங்குகிற அரசாங்கத் தொழிற்சாலையில் அடுத்த வருடத்திலிருந்து கூட்டின் வடிவத்தை மாற்றுகிறார்கள். நம் பழைய இயந்திரங்களில் அதைச் செய்ய முடியாது. புது இயந்திரம் வாங்காவிட்டால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும். அறுபது பேருக்கு மேல் நம்மிடம் வேலை பார்க்கிறார்கள். துவரங்குறிச்சி, வையம்பட்டியிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வருகிறவர்கள். கோயம்புத்தூரில் பம்பு செய்கிற குடும்பம் ஒன்று பணம் போட வந்தது. அவர்கள் பணத்துக்கு ஒரு இயந்திரம்தான் வரும். சிங்கப்பூர்க்காரர்கள் பணத்துக்கு மூன்று வரும். பட்டறையில் எல்லாரும் மூன்று வந்துவிட்டதாகவே முடிவுகட்டி, கிழக்குப் பக்கக் கூடத்தைக் கழுவி வெள்ளையடித்துவிட்டார்கள். அந்த வெள்ளைச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது.

தேவதர்ஷினிக்கு: தில்லியில் நம் பக்கத்து அரிசி கிடைக்கிறதா அம்மா? அனுப்பிவைப்பேன், ஆனால் என் தம்பி அதை லஞ்சம் என்று எழுதிக் கொடுத்துவிடுவான்.

அன்பு அக்கா,
அல்போன்சா

~

புது தில்லி,
30 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் தேவதர்ஷினி படித்துச் சொல்லும்போது நான் அறைக்கு வெளியே நின்றேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. "ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கப்போகும்" என்பதை மேலதிகாரி இரண்டு முறை மொழிபெயர்க்கச் சொன்னாராம். அரை டிக்கெட் கதை இப்போது எங்கள் மாடி முழுவதும் தெரியும். கேண்டீன்காரர் என்னிடம் முழு டீயா அரை டீயா என்று கேட்கிறார்.

அரிசி இங்கே கிடைக்கிறது, வாசனைதான் இல்லை என்று தேவதர்ஷினி சொல்லச் சொன்னாள். அனுப்பாதே.

நீ எதுவும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். நான் அதைத்தான் பல தடவை படித்தேன். நன்றி அக்கா.

அன்புத் தம்பி,
டோமினிக்

~

பாலக்கரை, திருச்சி,
28 ஜூலை 2025

அன்புள்ள தம்பிக்கும் மற்ற இருவருக்கும்,

நலம். மழை எட்டிப்பார்க்கவில்லை. காவிரியில் மட்டும் தண்ணீர் நன்றாக வந்திருக்கிறது. ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடம் இருக்காது என்று திருவேங்கடம் சார் இப்போதே புலம்புகிறார்.

போன வாரம் சிங்கப்பூர்க் கம்பெனியிலிருந்து மூன்று பேர் பட்டறையைப் பார்க்க வந்தார்கள். நல்ல மரியாதைக்காரர்கள். நான் செய்த பிரியாணியை மறுக்காமல் சாப்பிட்டார்கள், உன் அத்தானைவிட நல்ல பிள்ளைகள். ஆனால் ஒரு வேடிக்கை. இயந்திரக் கூடத்துக்குள் அவர்கள் வந்ததே கொஞ்ச நேரம்தான். கோயம்புத்தூர்க்காரர் வந்தபோது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லேத்துக்கு அடியில் குனிந்து, கடைந்து விழுந்த அலுமினியச் சுருளைக் கையில் எடுத்து முகர்ந்தே பார்த்தார். முடிந்த கூட்டின் விளிம்பில் நகத்தால் கீறிப் பார்த்தார். பட்டறை வாங்க வருகிற யாரும் அதைத்தான் செய்வார்கள். இவர்கள் ஒரு கூட்டைக்கூடக் கையில் எடுக்கவில்லை.

அவர்கள் கேட்டதெல்லாம் வேறு. எந்த மாதம் கூடு அதிகம் போகிறது, எந்த மாதம் குறைகிறது? இதற்குள் பொருத்துகிற கண்ணாடியை யார் செய்கிறார்கள்? நம் ஆட்களில் யாருக்காவது அரசாங்கத் தொழிற்சாலையில் சொந்தக்காரர் உண்டா? பழைய வரைபடங்களைப் போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்றார்கள். அவை அரசாங்கத்துக்குச் சொந்தம், கூடாது என்றேன். சிரித்துக்கொண்டே, "பங்குதாரர் ஆனபிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார் ஒருவர். திருவேங்கடம் சார் ஸ்ரீரங்கம் கோயிலுக்குக் கூட்டிப்போகிறேன் என்று பரிவட்டம் கட்டாத குறையாக அழைத்தார். அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தொழிற்சாலைக்கு நம் வண்டி போகிற பாதையில் ஒருமுறை போய் வரலாமா என்று கேட்டார்கள். பாவம், அவருக்கு முகம் தொங்கிவிட்டது.

இதெல்லாம் உனக்கு வேண்டாத கதை. வம்பளக்க நீ போனில் இல்லை, அதனால் எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்பு அக்கா,
அல்போன்சா

~

புது தில்லி,
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. இன்று திங்கட்கிழமை. நடுவில் இரண்டு நாளும் அது என் பையிலேயே இருந்தது.

நீ வம்பு என்று எழுதியது வம்பு இல்லை அக்கா. வெளிநாட்டுப் பணம் வரும்போது எந்தக் கேள்விகளுக்குப் பயந்து எங்கள் பிரிவை வைத்திருக்கிறார்களோ, அந்தக் கேள்விகள் வரிசையாக அதில் இருக்கின்றன. அதைக் கொடுத்தால் உன் மூன்று இயந்திரங்களும் போய்விடலாம் என்று எனக்குத் தெரியும். கொடுக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கடிதம் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஞாயிறு பூசையில் உட்கார்ந்திருந்தேன், ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. வையம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள்தான் கண்ணில் நின்றார்கள்.

இன்று காலை கொடுத்துவிட்டேன்.

படித்து முடித்தபோது தேவதர்ஷினி சிரிக்கவில்லை. அந்தக் கடிதம் நேராக உங்கள் ஃபைலைப் பார்க்கிற அறைக்குப் போயிற்று. அப்புறம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

நீ என்னைத் திட்டி எழுதினாலும் அதையும் கொடுக்கத்தான் வேண்டும். இருந்தாலும் எழுது.

டோமினிக்

~

பாலக்கரை, திருச்சி,
11 ஆகஸ்ட் 2025

டோமினிக்,

கடிதம் கிடைத்தது. செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறாய். இங்கே வேலை அதிகம். வேறு செய்தி இல்லை.

அல்போன்சா

~

புது தில்லி,
8 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று மாதா பிறந்தநாள். இந்நேரம் வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்பியிருப்பாய். எனக்காக மெழுகுவர்த்தி ஏற்றினாயா என்று கேட்க நினைத்தேன், கேட்கத் தைரியம் வரவில்லை.

உன் நாலு வரியைத் தேவதர்ஷினி படித்துவிட்டு, "சார், அக்கா இவ்வளவுதான் எழுதியிருக்காங்க" என்று என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாள். நீ என்னைத் திட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. நான் பத்து வயதில் உன் சைக்கிளைக் குளத்தில் விட்டபோதுகூட நீ என்னை இப்படித் தம்பி என்று சொல்லாமல் வெறும் பெயரால் கூப்பிட்டதில்லை.

நான் செய்தது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். சரியைச் செய்தவனுக்குத் தூக்கம் வர வேண்டும். எனக்கு வரவில்லை.

ஒரு வரி போடு.

உன் தம்பி,
டோமினிக்

~

பாலக்கரை, திருச்சி,
29 செப்டம்பர் 2025

என் தங்கத் தம்பி டோமினிக்குக்கு,

உனக்கு மட்டும்.

அனுமதி விண்ணப்பம் முடித்துவைக்கப்பட்டது என்று தில்லியிலிருந்து முறைப்படி கடிதம் வந்துவிட்டது. இனிமேல் நான் எழுதுவதை நீ யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. போன் செய்திருக்கலாம். ஆனால் இதைப் பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், எழுதினால் முடித்துவிடுவேன்.

நடந்ததை முதலில் சொல்கிறேன். உங்கள் ஆட்கள் சிங்கப்பூர்க் கம்பெனியிடம் ஒரே ஒரு விளக்கம் கேட்டார்கள்: இந்தப் பணம் கடைசியில் யாருடையது? அந்தக் கம்பெனிக்குப் பின்னால் ஒரு கம்பெனி, அதற்குப் பின்னால் இன்னொன்று என்று நாடு நாடாகப் போயிற்று. கடைசி ஆளின் பெயரை அவர்கள் சொல்லவே இல்லை. "எங்கள் திட்டம் மாறிவிட்டது" என்று எங்களுக்கு ஒரு மெயில் அனுப்பிவிட்டு விலகிக்கொண்டார்கள். பெயர் சொல்ல முடியாத பணம் நம் வீட்டுக்குள் வர இருந்திருக்கிறது.

மெயிலை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கு, திருவேங்கடம் சார் வீட்டுக்கே போனேன். மனிதர் உடைந்துபோவார் என்று பயந்து, அவர் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை காத்திருந்து கொடுத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கப்படாது. அவா வந்துட்டுப் போன நாள்லேர்ந்து நேக்குச் சாதமே இறங்கலை" என்றார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே சார்?"

"சொல்லியிருப்பேன். நீங்க ஆசையா இருந்தேளே."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவருக்காக நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், எனக்காக அவர் மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். எல்லாம் பெருமாள் காப்பாற்றினார் என்றார். நான் வேளாங்கண்ணி மாதா என்றேன். அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

மறுநாளே வெட்கத்தை விட்டுக் கோயம்புத்தூருக்குப் போன் செய்தேன். "ஒரு மெஷின்தானுங்க. ஆனா நல்லதா வாங்கிப் போடலாமுங்க" என்றார் அந்த மனிதர். இரண்டு ஷிப்ட் ஓட்டினால் புது ஆர்டரைச் சமாளித்துவிடலாம். ஒருவரையும் நிறுத்த வேண்டியதில்லை. வெள்ளையடித்த கூடத்தில் ஒரு மூலைக்குத்தான் இயந்திரம் வரும். மீதி இடத்தில் பையன்கள் கேரம் போர்டு போட்டுவிட்டார்கள், நானும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது உன் விஷயம்.

அந்த மூன்று பேரும் வந்துவிட்டுப் போன அன்று மாலையே எனக்குத் தெரிந்துவிட்டது. கூட்டைக் கையில் எடுத்துப் பார்க்காதவன் பட்டறை வாங்க வந்தவன் இல்லை. ஆனால் வேண்டாம் என்று என் வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அறுபது பேர் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு நிற்கிறார்கள். யாரிடம் போய் என்ன சொல்வேன்? ஆகவே உனக்கு வம்பு போல எழுதினேன். கிழித்துக் கிழித்து எழுதினேன். எழுதியதில் ஒன்றைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை, எல்லாம் நடந்ததுதான். அது யார் கைக்குப் போகும் என்று தெரிந்தே எழுதினேன்.

நீ கொடுத்துவிட்டேன் என்று எழுதியபோது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? அதை உனக்கு எழுத முடியவில்லை. மூன்றாம் ஆள் படிக்கிற கடிதத்தில் அக்காவும் தம்பியும் பேசிவைத்துச் செய்த மாதிரி ஆகிவிட்டால் உன் வேலைக்கே உலை வைத்தவள் ஆவேன். பொய்யாகத் திட்டவும் எனக்கு வரவில்லை. அதனால்தான் நாலு வரி. அதை எழுதிவிட்டு நான் பட்ட பாடு உன் அத்தானைக் கேள். செப்டம்பர் எட்டாம் தேதி உனக்காக ஏற்றிய மெழுகுவர்த்தி என் உயரம் இருந்தது.

நீ தூங்காமல் இருந்ததற்கு நான்தான் காரணம். மன்னித்துக்கொள். ஆனால் ஒன்று தெரிந்துகொள், அந்தக் கடிதத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று நீ இரண்டு நாள் யோசித்தாய். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. டி.டி.ஆர். கேட்காமலே எழுந்து நின்ற பையனை நம்பித்தான் தபாலில் போட்டேன்.

தேவதர்ஷினிக்குப் பத்துக் கிலோ பொன்னி அரிசி தனியாக அனுப்பியிருக்கிறேன். ஃபைல் மூடியாகிவிட்டது, இனி அது லஞ்சம் இல்லை. அதையும் போய் எழுதிக் கொடுத்துவிடாதே. கொடுத்தாலும் கொடுப்பாய்.

கிறிஸ்துமஸுக்கு வந்துவிடு. முழு டிக்கெட் எடுத்துக்கொண்டு வா.

உன் அன்பு அக்கா,
அல்போன்சா