போர்வைக்குள் இருந்தவன்

பாகூர்,
9 நவம்பர் 1938

அன்புள்ள தணிகை அத்தானுக்கு, மாமன் மகள் அம்சவள்ளி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், இரண்டு மீசைகளைத் தவிர.

போன வாரம் இங்கே கொட்டகை போட்டு நீங்கள் ஓட்டிய படத்தால் வந்த வினை. குயவன் ராஜாவாகக் கனவு கண்டானா, ராஜா குயவனாகக் கனவு கண்டானா? போர்வைக்குள் தூங்குகிறவன் யார் என்று காட்டாமலே படத்தை முடித்துவிட்டீர்கள். என் அப்பா, ராஜாதான் என்கிறார். உங்கள் அப்பா, "இன்னா மச்சான், ராஜா எங்கனா கோரப்பாயில படுப்பானா?" என்கிறார். களத்துமேட்டில் பந்தயம் கட்டிவிட்டார்கள். தோற்றவர் மீசையை எடுக்க வேண்டும். மீசையில்லாமல் தையில் நம் கல்யாணப் பந்தலில் நிற்கமாட்டேன் என்று இருவருமே சொல்கிறார்கள்.

மெஷின் ஓட்டுகிற நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். யோசித்து, பதமாக எழுதுங்கள்.

அன்புடன்,
அம்சா

வில்லியனூர்,
12 நவம்பர்

அம்சா,

யோசிக்க ஒன்றுமில்லை. கடைசிச் சுருளில் போர்வை, சேவல், சுபம். அதற்குமேல் படமே கிடையாது. நான் ஆலைப் பட்டறையில் இஞ்சின் வேலை படித்தவன். கனவுக்குப் பலன் சொல்லப் படிக்கவில்லை. அறுந்த படத்தை வெட்டி ஒட்டவே எனக்கு நேரம் போதவில்லை. இரண்டு பெரியவர்களையும் கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போகச் சொல்.

தணிகைவேல்

பாகூர்,
15 நவம்பர்

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை அப்படியே படித்துக் காட்டினேன். புத்தி கெட்ட வேலை.

"உம் புள்ளைக்கு எம்மாந் திமிரு பாரு மாமா" என்றார் அப்பா. "சுருள கைல வச்சிக்கினு இருக்கான், பாத்துச் சொன்னா இன்னா கொறஞ்சிடும்?" என்றார் உங்கள் அப்பா. பேச்சுவார்த்தை இல்லாதிருந்தவர்கள் உங்களைத் திட்டுவதற்கு ஒன்று சேர்ந்தார்கள். திட்டி முடித்ததும் பழையபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பந்தக்காலுக்கு நாள் பார்க்க யாரும் எழுந்திருக்கவில்லை.

அந்தச் சுருளை ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அவர்களுக்காக இல்லை, எனக்காக.

அம்சா

வில்லியனூர்,
18 நவம்பர்

அம்சா,

பார்த்தேன். வெயிலில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து, ஒவ்வொரு படமாக. சேவல் கூவும்போது போர்வைக்கு வெளியே ஒரு கை வந்து உடனே உள்ளே போய்விடுகிறது. அதில் ராஜாவின் கங்கணமும் இல்லை, குயவனின் களிமண்ணும் இல்லை. கைக்கடிகாரம் இருக்கிறது, தோல் வார் போட்டது. நடிகன் கழற்ற மறந்திருக்கிறான். சம்பளத்துக்குப் படுத்திருந்த ஆளுக்காக இவர்கள் மீசையைப் பணயம் வைத்திருக்கிறார்கள். இதையும் அப்படியே படித்துக் காட்டு.

தணிகைவேல்

பாகூர்,
22 நவம்பர்

அன்புள்ள அத்தானுக்கு,

படித்துக் காட்டினேன். கைக்கடிகாரம்வரைதான் படித்தேன். மீதியை, அறுந்த படத்துக்கு நீங்கள் செய்வதுபோல வெட்டிவிட்டேன்.

களத்துமேட்டில் முதலில் பேசியவர் உங்கள் அப்பாதான். "அப்பிடின்னா ராஜாவும் கனா, கொயவனும் கனா. கடியாரம் கட்டிக்கினு எவனோ தூங்கிக்கினு இருக்கறான். ரெண்டு பேரும் அவன் கண்ட கனாதான், மச்சான்."

அப்பா தம் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "நம்மளையும் எவனாவது கனா கண்டுக்கினு இருப்பானோ, மாமா?"

"இருந்தா இருந்துட்டுப் போறான். அவன் முழிச்சிக்கறதுக்குள்ள பந்தக்கால நட்டுடுவோம், வா."

கல்யாணத்துக்குத் தை ஒன்பது என்று நாள் பார்த்தாகிவிட்டது. நீங்கள் வந்து யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். கையில் கடிகாரம் கட்டிக்கொண்டும் வராதீர்கள்.

அன்புடன்,
அம்சா

வில்லியனூர்,
25 நவம்பர்

அம்சா,

வருகிறேன். கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடுகிறேன்.

அது நடிகன் மறந்த கடிகாரம்தான். இதை உன்னிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

உன்
தணிகைவேல்