பொன்னி கூவிய பிறகு

சிம்பாங் ரெங்கம்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் ரூபேந்திரனுக்கு அம்மா சொல்லி எழுதுவது. இங்கே நான், அப்பா, தங்கச்சி லோஷினி மூவரும் நலம், என் வலது மணிக்கட்டைத் தவிர. குளியலறையில் வழுக்கி விழுந்து கட்டுப் போட்டிருப்பதால், நான் சொல்லச் சொல்ல லோஷினிதான் எழுதுகிறாள், என் பேச்சைத் தன் பள்ளிக்கூடத் தமிழுக்கு மாற்றிக்கொண்டே. நியூசிலாந்துக் குளிரில் நீயும் நலமாக இருக்க முனீஸ்வரரைக் கும்பிடுகிறேன்.

போனில் பேசலாமே என்பாய். நீ எடுத்தால்தானே. ஒரு மாதமாக 'ஓகே மா', 'பிஸி மா' என்று எழுத்து மட்டும் வருகிறது, அதை வைத்து உனக்குச் சளியா, சாப்பிட்டாயா, அழுதாயா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? "வேலையா இருப்பான் லா, சும்மா பயப்படாதே" என்கிறார் அப்பா. சொல்லிவிட்டு, தண்ணீர் ஊற்றிய ஆர்க்கிட் செடிகளுக்கே மறுபடி போய் ஊற்றுகிறார்.

போன வருடம் டெங்கியில் நீ கண் திறக்காமல் கிடந்தபோது, என் வீட்டிலேயே குஞ்சு பொரித்து வளர்த்த சேவலைத் தருகிறேன் என்று முனீஸ்வரரிடம் வேண்டிக்கொண்டேன். நீ பிழைத்தாய், விமானமும் ஏறினாய். அதற்காகவே இரண்டு சேவல் வளர்த்தேன். கொடுப்பதற்குள் கோழிச் சீக்கு வந்து, வீட்டுக் கோழிகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழுத்து திருகிக்கொண்டு செத்தன. அப்பா குழி தோண்டித் தோண்டிக் களைத்துப்போனார். லோஷினி ஒரே ஒரு குஞ்சை மட்டும் மைலோ பெட்டியில் போட்டு, மேலே பல்பு தொங்கவிட்டு, மருந்து சொட்டியால் தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றினாள். தபால் தலை ஆல்பத்தையும் பின்னல் ஊசியையும் அவள் தொட்டே எத்தனையோ நாளாகிறது. புத்தகத்தைக்கூடப் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குஞ்சுக்குக் கேட்கும்படிதான் படித்தாள். பெட்டை என்று நினைத்துப் பொன்னி என்று பேர் வைத்தாள்.

போன வாரம் காலையில் பொன்னி வேலியில் ஏறி நின்று கூவியது. அப்பா பல் தேய்த்துக்கொண்டே, "அலமாக், உன் பொண்ணு மீசை வைக்கப் போறா லா!" என்று சிரித்தார். லோஷினியும் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்த மாதம் பூசை. வீட்டில் பொரித்து வளர்ந்த சேவல் வேறு இல்லை. இதை எழுதியதும் லோஷினி பேனாவை வைத்துவிட்டுக் கோழிக் கூட்டுப் பக்கம் போய்விட்டாள். இப்போதுதான் வந்து, முகத்தைக் காட்டாமல் எழுதுகிறாள்.

பூசாரி ஐயாசாமியிடம் போய், வேறு ஏதாவது தரலாமா என்று கேட்டேன். "மாத்திக் கேக்கலாம்மா. வேண்டுனது உன் வாய்தானே, நீயே நின்னு கேளு. ஆனா மனசுல பயத்தை வச்சிக்கிட்டு கேக்காதே" என்றார். எனக்குப் பயம் இல்லாத நேரமே இல்லையப்பா. சொன்னதைக் கொடுக்காததால்தான் உன் குரல் நின்றுபோனதோ என்று அடுப்படியில் நிற்கும்போதுகூட அதே நினைப்புதான். உன் குரலைக் கேட்டால்தான் சாமி முன்னால் நின்று மாற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரும்.

ஈரத் தலையோடு வெளியே போகாதே. ரொட்டியை மட்டும் தின்று நாளை ஓட்டாதே, சோறு வடித்துச் சாப்பிடு. முனீஸ்வரர் உன் முன்னும் பின்னும் துணை நிற்கட்டும். பூசைக்கு முன் ஒரே ஒரு தடவை கூப்பிடு. நன்றாக இல்லை என்றால் அதையும் சொல். பொன்னியைக் கொடுத்துவிடுகிறேன், லோஷினி அதற்குப் பிறகு என்னோடு பேசாமல் போனாலும் சரி.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும் அம்மா
கஸ்தூரி

அண்ணா, நீங்கள் நன்றாக இல்லாவிட்டால், பொன்னிக்காக அதை மறைக்க வேண்டாம். லோஷினி.