ஆதவன் என்று நான் வாசித்த ஆதிரை

சிடாம் கிரி,
ஆகஸ்டு 17.

அன்பு மகள் லோகேஸ்வரிக்கு, அம்மா நவமணி எழுதுகிறேன். அம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் ஊரில் நேரத்துக்குப் பசியாறி, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போய் வந்து நன்றாக இருக்க வேண்டும். கைத்தொலைபேசி இருக்கும்போது அம்மா எதற்குத் தாளில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் நான் பாதியில் அழுதுவிடுவேன், நீ சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய். ஜூன் மாதம் அப்படித்தானே ஆனது. நான்கு வருடமாக உன்னோடு வாழ்கிற ரூபினியைத் தீபாவளிக்குக் கூட்டி வருகிறேன் என்றாய். நான், கூட வேலை செய்கிற பிள்ளை என்று சொல்லிக் கூட்டிவா, தூங்குவதற்கு மட்டும் பக்கத்து டவுன் சுங்கை பட்டாணியில் ஹோட்டல் பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். அப்படியென்றால் நானும் வரவில்லை என்றாய். அதிலிருந்து நான் என்ன அனுப்பினாலும் பதிலுக்கு ஒரு கட்டை விரல் படம்தான் வருகிறது.

உன் தொடர்கதையை அம்மா படிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பாய். வெள்ளிக்கிழமைதோறும் மின்னிதழில் வந்ததும் படித்துவிடுகிறேன், அதுவும் தனியாக இல்லை. காலை ஷிப்டு முடிந்து கையுறை பேக்டரியிலிருந்து வீடு வர பஸ்ஸில் முக்கால் மணி நேரமாகிறது. கூட வேலை செய்கிற பிச்சையம்மாள் அக்காவுக்குச் சின்ன எழுத்து கண்ணுக்குத் தெரியாது, ஒன் மக ஏதோ கதை எழுதுதாமே, படி கேப்போம் என்று அவர் சொல்லப் போக, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். இப்போது பின் சீட்டுப் பெண்கள் எல்லாரும் முன்னால் வந்துவிடுகிறார்கள். நூறு வருடம் ஆகாயத்திலேயே போகிற கப்பல், அதை ஓட்டுகிற ஆதிரை, குழாய் அடைக்க ரப்பர் வேண்டுமென்று அதற்குள்ளேயே பால் மரம் வளர்க்கிற கயல், எல்லாம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நான்காம் பாகத்தில் கயல் மத்தியானத்தில் பால் வெட்டுகிறாளே, சூட்டில் பால் சீக்கிரம் நின்றுபோகும் என்று உனக்குத் தெரியாதா. ஆகாயத்தில் வெயில் ஏது என்று கேட்பாய். விளக்கென்றாலும் சூடு சூடுதான், விடியற்காலைக்கு மாற்றிவிடு. கப்பலில் கக்கூஸ் எங்கே இருக்கிறது என்றும் ஒருத்தி கேட்கிறாள், முடிந்தால் அதையும் எழுது.

இனிமேல் சொல்லப்போவதற்குத்தான் இந்தக் கடிதம். பஸ்ஸில் படிப்பதற்கு முன்னால், சாப்பாட்டு நேரத்தில் நான் மட்டும் ஒரு தடவை கண்ணை ஓட்டிக்கொள்வேன். முதல் பாகத்திலேயே ஆதிரையும் கயலும் மாலை மாற்றிக்கொள்கிறார்கள். பஸ் முழுக்கத் தெரிந்த முகங்கள், எல்லாருக்கும் உன்னையும் தெரியும். அதனால் ஆதிரையை ஆதவன் என்று மாற்றிப் படித்துவிட்டேன். மாற்றினவள் அதோடு நிற்க முடியுமா, எட்டு வாரமும் ஆதவன்தான், நடுவில் ஒரு மீசையும் வைத்துவிட்டேன். ஒன்பதாம் பாகத்தில் கயலுக்குக் காய்ச்சல் வருகிறதே, ஆதிரை அவள் தலைமுடியைச் சிக்கெடுத்து, வேர்வை ஈரம் காய்கிற வரைக்கும் எண்ணெய் தொடாமல் காத்திருந்து, பாவாடையையும் அலசிப் போடுகிறாளே, அந்த இடத்தில் மருதம்மாள் அக்கா கையை நீட்டி நிறுத்தினார். நவமணி, இது ஆம்பள இல்ல லா, அந்தப் பிள்ள பேரச் சரியாச் சொல்லு என்றார். நான் போனைப் பார்த்துக்கொண்டே ஆதிரை என்றேன்.

மருதம்மாள் அக்காவை உனக்குத் தெரியும். பாடாங் மேஹா ரப்பர் தோட்டத்தை விற்றபோது இராசாத்தி அக்காவும் அவரும் ஒன்றாக வந்து நம் வரிசையில் வீடு எடுத்தார்கள். முப்பத்தொரு வருடம் ஒரே அடுப்பு. ரத்த சொந்தம் இல்லை என்று தெரிந்தும் அக்கா தங்கச்சி என்றே எல்லாரும் சொல்லி வந்தோம். போன வருடம் இராசாத்தி அக்கா இறந்தபோது பினாங்கிலிருந்து ஓர் அண்ணன் மகன் வந்து கொள்ளி, காரியம் எல்லாம் செய்தான். மருதம்மாள் அக்கா பந்தலில் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கிற மாதிரி அவருக்கும் நான்தான் ஒரு டீயைக் கொடுத்துவிட்டு நகர்ந்தேன். நான் ஆதிரை என்று சொன்ன அன்றைக்குப் பஸ்ஸில் அவர், நாங்களும் அப்படித்தான் இருந்தோம் என்று மட்டும் சொன்னார். பிறகு பிச்சையம்மாள் அக்கா, அது எங்களுக்குத் தெரியாதா என்ன, நீ மொதல்ல இருந்து ஒழுங்காப் படி என்று என்னைத்தான் ஏசினார். திரும்ப முதல் பாகத்திலிருந்து படித்து வருகிறேன். மருதம்மாள் அக்கா உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னார், கப்பல் போய்ச் சேருவதற்குள் இரண்டு பேரில் யாரையும் சாகடித்துவிடாதே.

உன் ஆதிரைக்கு மீசை வைத்த புத்திதான் ரூபினிக்கு ஹோட்டல் பார்க்கச் சொன்னது. எனக்கு வெட்கமாக இருக்கிறது மகளே, அம்மாவை மன்னித்துக்கொள். இரண்டு பேரும் வாருங்கள், நம் வீட்டில்தான் தங்க வேண்டும், உன் அறையில் பழைய ஃபேனை மாற்றியாகிவிட்டது. அப்பாவுக்காக நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். விஷயத்தைச் சொன்னேன், எழுந்து வெளியே போய்விட்டார். ஆனால் நேற்று நான் உன் கதையை வீட்டில் வாய்விட்டுப் படித்துப் பார்த்தபோது டிவி சத்தத்தைக் குறைத்தார், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர் பேசவில்லை என்றாலும் நீங்கள் வர வேண்டும். ஊருக்கு என்ன சொல்வது என்று நீ யோசிக்காதே. ரூபினி யார் என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டேன்.

டிக்கெட்டை இப்போதே எடு, தீபாவளி கிட்டத்தில் விலை ஏறிவிடும். அந்தப் பிள்ளைக்கு எது ஆகாது என்று எழுதி அனுப்பு, உறைப்பு சாப்பிடுமா என்றும் கேள். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், ஒருத்திக்கு ஒருத்தி துணையாக நெடுநாள் இருக்க அம்மா ஆசீர்வதிக்கிறேன். கடிதத்தின் உறையில் உங்கள் இரண்டு பேர் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நாளைக்குப் போஸ்டாபீசில் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

உங்கள் இருவருக்கும் அம்மா,
நவமணி தேவன்