நீ பென்சிலில் சுழித்த நான்கு ஆண்டுகள்

உன் தாள் என் மேசைமேல் விரிந்து கிடக்கிறது. ஓரத்தில் ஊறுகாய் எண்ணெய் இன்னும் மங்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நம் கம்பெனியின் உயர் அதிகாரிகளைப் பற்றி இணையப் பக்கத்தில் இருந்த குறிப்புகளை நீ அச்செடுத்து வந்தாய். சாப்பாட்டு நேரத்தில் அதை விரித்து, யார் எந்த ஆண்டில் எந்தப் பதவி என்று பார்ப்பாய். ஆண்டுகள் விடுபட்ட இடத்தில் பென்சிலால் ஒரு சுழி.

“இந்தம்மா நாலு வருசத்த அப்படியே முழுங்கிருச்சுடி. மாமியாரோட சண்ட போட்டே போயிருக்குமோ?”

இன்னொருவரை இமயமலைக்கு அனுப்பினாய். மற்றொருவருக்கு வாடிப்பட்டியில், உங்கள் தெருவிலேயே, பரோட்டாக் கடை வைத்துக் கொடுத்தாய்.

பிறகு என் முறை வந்தது. சோதனைக்காக உனக்கு மட்டும் அனுப்ப வேண்டிய ‘சாப்பிட்டாச்சா?’ என்ற குறுஞ்செய்தியை வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன். ‘இன்னும் இல்லை’ என்று பதில்கள் குவிந்தன. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் அழுதேன். மறுவாரமே புகார் பிரிவுக்கு மாற்றினார்கள். வேலையை விடப்போகிறேன் என்றதும், கோச்சடையில் என் வீடு வரைக்கும் கூடவே வந்தாய்.

“ஓடிப்போயிராதடி. மேல போன அம்புட்டுப் பேருக்கும் இப்படி ஒரு சுழி இருக்கு. உனக்குச் சீக்கிரமே வந்துருச்சு, அம்புட்டுத்தான்.”

போகவில்லை. அடுத்த ஆண்டு, காய்ச்சல் என்று படுத்த நீதான் எழவில்லை.

இப்போது கேள். தென்மாநிலங்கள் முழுமைக்கும் வாடிக்கையாளர் சேவைத் தலைவராக என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதே இணையப் பக்கத்தில் போட, எண்பது சொற்களில் என்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். அதைப் பார்த்துத் துணைத் தலைவர் ஒப்புதல் தந்தால்தான் பதவி உறுதி. அவர் வேறு யாருமில்லை, நீ மாமியாரோடு சண்டைக்கு விட்ட அதே அம்மாதான்.

குறுஞ்செய்தியையும் புகார் பிரிவில் இருந்த இரண்டு ஆண்டுகளையும் எழுதியிருந்தேன். மனிதவளப் பிரிவுக்காரர் பதறிப்போய், அந்த வரிகளை எடுத்துவிடுங்கள் மேடம், ஒப்புதல் நின்றுவிடும் என்றார். எடுத்தேன். படித்துப் பார்த்தேன். யாரோ ஒருத்தியின் குறிப்பு போல வழவழவென்று இருந்தது. உன் தாளைத் தேடி எடுத்தது அப்போதுதான். அந்தச் சுழிகளைப் பார்த்தபின் மறைக்கக் கை வரவில்லை. எடுத்ததைத் திரும்பச் சேர்த்து அனுப்பினேன்.

நேற்று அந்த அம்மாவே தொலைபேசியில் அழைத்தார். ‘சாப்பிட்டாச்சா?’ என்பதுதான் முதல் கேள்வி. கேட்டுவிட்டு அவரே சிரித்தார். பிறகு தானாகவே சொன்னார்: அவர் கொண்டுவந்த முதல் பொருள் சந்தையில் படுத்துவிட்டது, அந்த வேலை போய், வேறு எங்கும் கிடைக்கவில்லை, அண்ணன் கடையில் குக்கர் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை ஆண்டுகள் என்று கேட்டேன். நான்கு!

குக்கர்டி! இமயமலையும் இல்லை, மாமியாரும் இல்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு குதித்தேன். ஓடிவந்து சொல்ல நீதான் இல்லை.

ஒப்புதல் தந்துவிட்டார். இப்படி எழுதும் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். என்னோடு ஒரே நாளில் சேர்ந்த ஒருத்தியிடமிருந்து என்றேன். அவள் இப்போது என்ன பதவியில் இருக்கிறாள் என்று கேட்டார்.

அவள் இப்போது இல்லை என்றேன். உன் வேலைக்காலம் மூன்றே ஆண்டு. எந்த இணையப் பக்கத்திலும் ஏறாது, எழுதினால் ஒரு வரி. ஆனால் அதில் ஒருநாள்கூட விடுபடவில்லை. அத்தனை நாளும் நீ எதற்கெல்லாம் சிரித்தாய் என்று எனக்குத் தெரியும்.