ஒரு பல்லும் இருபத்தெட்டு மில்லிமீட்டரும்

மார்ச் 4, செவ்வாய்

அடிநாக்கில் இருப்பது புற்றுநோய்தான் என்று போன வாரமே சொல்லிவிட்டார்கள். இன்று வைத்தியம் ஆரம்பிக்கும் என்று போனால் பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். தலைவலிக்குக் காலில் கட்டுப் போடுகிற மாதிரி இருந்தது.

டாக்டர் ஒரு பெண்; நாற்பது வயதிருக்கும். எக்ஸ்ரேயைக் காட்டினார். “கதிர் சிகிச்சைக்கு அப்புறம் தாடைக்கு ரத்த ஓட்டம் குறைஞ்சிடும் சார். அப்போ பல்லைப் பிடுங்கினா புண் ஆறாம எலும்பே செத்துப்போகலாம். எடுக்க வேண்டியதை இப்பவே எடுத்துடணும்.”

நான்கு பற்களாம்.

மார்ச் 6, வியாழன்

மூன்று போயின. நான்காவதை விடமாட்டேன் என்றேன். வலது கீழ் வரிசை. வலிக்கவில்லை, ஆடவில்லை. நான் மெல்வதே அந்தப் பக்கம்தான்.

“வேர்ல சீழ் இருக்கு சார்.”

“என் பல்லு. எனக்குத் தெரியாதா?”

முப்பது வருடம் நிலம் அளந்தவன் நான். வேலியோரம் நின்று “என் நிலம், எனக்குத் தெரியாதா?” என்று கத்துகிற எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். வெளியே வந்ததும் மனைவி சொன்னாள்: “நீங்க பிடிச்ச முயலுக்கு என்னைக்குமே மூணு காலுதான்.”

மார்ச் 24, திங்கள்

கதிர் ஆரம்பம். மொத்தம் முப்பத்தைந்து தடவை. முகத்துக்கு ஒரு வலைமூடி போட்டு மேசையோடு பூட்டுகிறார்கள். உள்ளே செய்வதற்கு ஒன்றுமில்லை. நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

எச்சில் நின்றுவிட்டது. தண்ணீர் பாட்டில் இல்லாமல் பக்கத்து அறைக்குக்கூடப் போக முடியவில்லை. எச்சில் இல்லாவிட்டால் பல் சீக்கிரம் சொத்தையாகுமாம். அதனால் என் பல்வரிசைக்கு அச்செடுத்து ஓர் உறை செய்து தந்திருக்கிறார் டாக்டர். அதில் மருந்துப் பசையைத் தடவி, தினமும் பத்து நிமிடம் கடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

கஷ்டம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்பார்கள். எனக்கு மருந்துச் சீட்டிலேயே எழுதித் தந்துவிட்டார்கள்.

மே 9, வெள்ளி

முப்பத்தைந்தும் முடிந்தது. பதினோரு கிலோ குறைந்திருக்கிறேன். பேச்சும் குழறுகிறது; எதைச் சொன்னாலும் எல்லோரும் ‘என்ன?’ என்கிறார்கள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. மனைவி நடைபாதையில் உட்கார்ந்து அழுதாள். நான் அவள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பல் டாக்டர் அளந்தார். கதிரில் தாடை இறுகி, வாய் இருபது மில்லிமீட்டர்தான் திறக்கிறது. “வாய்ப் பயிற்சி செய்றீங்களா?”

“செய்றேன்.”

செய்யவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

வலது கீழ் வரிசை. அந்தப் பல்தான் வலிக்கிறது. மனைவியிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தாடை வீங்கிவிட்டது. இனி எங்கே மறைப்பது? பார்த்துவிட்டாள். நேரே அடுப்படிக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

ஏன் இப்படிப் பண்ணேன்? மூணு போனப்போ நாலாவதும் போனா என்னவாம்? அவ்வளவு பெரிய நோயே போயாச்சு — இப்போ ஒத்தைப் பல்லு வந்து தாடையைக் கொண்டுபோகப் போகுதா? அந்த டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே —

ஆகஸ்ட் 18, திங்கள்

“அப்பவே சொன்னேனே” என்பார் என்று காத்திருந்தேன். டாக்டர் சொல்லவில்லை. அவருக்கும் சேர்த்து மனைவியே சொல்லிவிட்டாள்: “நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன் டாக்டர்!”

பிடுங்கக் கூடாதாம். வேருக்குள் சுத்தம் செய்து அடைத்து, மேலே தெரியும் பல்லை மட்டும் வெட்டிவிடலாமாம். “வேர் எலும்புக்குள்ளயே கிடக்கட்டும். ஆனா கருவி உள்ள போகணுமே சார். இருபத்தெட்டு மில்லிமீட்டராவது திறந்தாத்தான் முடியும்.”

வீக்கத்துக்கு மாத்திரை. வாய்க்கு ஐஸ்கிரீம் மரக்குச்சிகள். பல்லிடுக்கில் அடுக்கடுக்காகச் செருகி, வலிக்க வலிக்க ஒன்றொன்றாகக் கூட்ட வேண்டும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

வீக்கம் வற்றியது. பதினைந்து குச்சி. மனைவிதான் செருகுகிறாள். “இன்னும் ஒண்ணு.” கண்ணில் நீர் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், கையை மட்டும் எடுப்பதில்லை.

செப்டம்பர் 10, புதன்

பதினாறு. ஒரு வாரமாக நகரவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

டாக்டர் அளந்தார். இருபத்தேழு.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். “சாயுங்க சார். அந்த ஒரு மில்லிமீட்டரை நான் பார்த்துக்கறேன்.”

ஒன்றரை மணி நேரம். நடுவில் இரண்டு தடவை அவரே நிறுத்தி, விரலை உதறிவிட்டுக்கொண்டார். முடிந்ததும் கண்ணாடியைக் கொடுத்தார். பல் இருந்த இடத்தில் ஈறுக்குச் சமமாக வெள்ளையாக ஒரு அடைப்பு.

“எலும்பு?” என்றேன்.

“மூணு மாசம் பார்க்கணும். இன்னைக்கு நல்லாத்தான் இருக்கு.”

நவம்பர் 6, வியாழன்

வேலைக்குப் போனேன். ஓடைக்கரையில் ஒரு எல்லைத் தகராறு. முக்காலியை நிறுத்திக் கருவியை மட்டம் பார்த்தேன். என்னோடு இருபது வருடமாக வேலை செய்யும் உதவியாளர் அளவுகோலோடு அக்கரைக்குப் போய் நின்றார். நிற்கும் இடம் சரியில்லை. கையைக் காட்டலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். தண்ணீர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கத்தினேன்:

“இடது பக்கம் ரெண்டடி!”

அவர் ‘என்ன?’ என்று கேட்கவில்லை. இடது பக்கம் இரண்டடி நகர்ந்து, கோலை ஊன்றினார்.

அளவைக் குறித்துக்கொண்டேன்.