நடக்காததற்கு ஸ்தோத்திரம்

ஜூலை 3, வியாழன்
வெயில். ஒன்பது மணியிலிருந்தே தலைக்கு மேல் பயிற்சி விமானம். ஞாயிறு வேதபாட வகுப்புக்குக் குறிப்பு எடுக்கணும். தலைப்பு: ஆதிக் கிறிஸ்தவர்களும் போரும். பட்டாளத்தில் சேர நினைத்தவனைத் திருப்பி அனுப்பிய சபைகள் உண்டு. ஏற்கெனவே சிப்பாய் என்றால் மட்டும் சலுகை: இரு, ஆனால் கொல்லாதே; கொன்றால் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கிடையாது.

பாதியில் மகள் ஜெனி விமானப்படைப் படிவத்தை நீட்டுகிறாள். பதினேழு வயது, பெற்றோர் சம்மதம் வேண்டும். திங்கள் கடைசி. அவள் அப்பா போடத் தயார். "நீங்க போட்டாதாம்மா போவேன்" என்கிறாள். சண்டை போட்டால்கூடத் தேவலை.

வாங்க: கோதுமை மாவு, ரீஃபில், கொசுவத்தி.

ஜூலை 5, சனி
கரண்ட் இல்லை. குறிப்பு: நம் ஊர் பரலோகம், பூமியில் வெறும் வழிப்போக்கர். அப்படியானால் இந்தச் சேலையூர் வீட்டுப் பட்டாவுக்கு மூன்று வருடம் அலைந்தது யார்?

வழிப்போக்கனுக்கும் ஊர் அமைதி தேவை, அதைக் காக்க ஆள் தேவை என்று பின்னால் வந்தவர்கள் எழுதினார்கள். அவர்களை ஏன் தேடித்தேடிப் படிக்கிறேன்? ஜெனிக்கு வக்கீல் வேலையா?

ஜூலை 6, ஞாயிறு
கோபத்தில் எழுத்தே கோணல். ஜெனி அப்பா என்னைக் கேட்காமல், நன்றிக்கான காரணத்தை மேலே எழுதி ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் போட்டிருக்கிறார். சபைப் போதகர் ஐயர் அதை மைக்கில் வாசிக்கிறார்: "மகள் ஜெனிஃபர் விமானப்படையில் சேர்ந்ததற்காக..." சபையே கைதட்டல். நான் இன்னும் கையெழுத்தே போடவில்லை!

"விசுவாசத்துல போட்டேன்" என்கிறார்.

அதற்குப் பிறகு வகுப்பு. முன்வரிசையில் சாமுவேல் அண்ணன். விமானப்படையில் இருபது வருடம் இருந்தவர். வெள்ளத்தில் முடிச்சூர் வீட்டிலிருந்து என் அம்மாவைத் தூக்கிப் படகில் ஏற்றியவர். நான் முடித்ததும் மெதுவாகக் கேட்டார்.

"அப்போ இத்தனை வருஷம் நான் திருவிருந்து எடுத்தது தப்பா டீச்சர்?"

"அடுத்த வாரம் பாக்கலாம்ண்ணா" என்றேன். கோழை. அவர் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஜூலை 7, திங்கள்
மேகமூட்டம். என் பைபிளுக்குள் காணிக்கைக் கவர். ஜெனி எழுதியது: "அம்மாவுக்குச் சமாதானம் கிடைத்ததற்காக." அப்பாவும் மகளும் ஒரே ரகம்.

சாமுவேல் அண்ணனுக்குப் பதில் இன்னும் தெரியாது; படிவத்துக்கு இன்றே கடைசி. சப்பாத்திப் பலகை மேலேயே படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். தாளெல்லாம் மாவு. ஜெனி அழுதாள். பிறகு, "கவரை ஐயர்கிட்ட குடுத்துடவாம்மா?"

வாங்கிக் கிழித்துப் போட்டேன்.

"அந்தச் சமாதானம் இன்னும் கிடைக்கலடி. கிடைச்சா நானே எழுதிக்கிறேன்."