அஞ்சாப்புலி அண்ணாவின் படகில் ஏறிய ரேடியோப் பெட்டி

என் அருமை அஞ்சாப்புலி அண்ணா,

பாகூர் ரேடியோக் கடை மெகருன்னிசா எழுதுகிறேன். இந்தப் பேரைச் சொன்னால் உங்களுக்கு யாரென்று தெரியுமோ என்னவோ. ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை நீங்க, தங்கச்சி என்பதோடு சரி.

நேற்று மணப்பட்டிலிருந்து அமிர்தம் அண்ணி வந்திருந்தாங்க. உங்களுக்கு வருசத் திவசம் முடிந்து எட்டு நாளாகிறதாம். "நான் சொல்ல வேண்டியதைக் கடக்கரையில நின்னு சொல்லிட்டேன். நீதான் எழுதப் படிக்கத் தெரிஞ்சவ, நீ எழுதேன்" என்றாங்க. எங்கே அனுப்புவது என்று நான் கேட்கவில்லை. கடையில் இரண்டு டிவி பிரித்துப் போட்டது போட்டபடி கிடக்கிறது. அதைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்க முதன்முதலாக எங்கள் கடைக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? ஆறு வருசம் இருக்கும். உப்புத்தண்ணியில் ஊறி, பச்சை பூத்த ஒரு டிரான்சிஸ்டரைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தீங்க. கூட அண்ணி. அத்தா தொழுகைக்குப் போயிருந்தார். "கடக்காரர் எங்க?" என்று கேட்டீங்க. "நான்தான் பாப்பேன்" என்றேன். ஒரு பொம்பளைப் பிள்ளை ரேடியோ பார்ப்பதா என்று பாகூரில் பாதிப் பேர் கேட்டதை நீங்க கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீங்க.

நான் மேசை மேலிருந்த வேறொரு ரேடியோவைச் சும்மா திருப்பித் திருப்பிச் சத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னாத்துக்கு அதைச் சுத்திக்கினே இருக்கே?" என்றீங்க. காட்டினேன். ரேடியோவுக்குள் ஒரு கருப்புக் கம்பி, அதைச் சுற்றிச் செம்புச் சுருள். கம்பி குறுக்கே கிடந்தால் புதுச்சேரி ஸ்டேஷன் நன்றாகக் கேட்கும். கம்பியின் முனை புதுச்சேரியைப் பார்த்துவிட்டால் பாட்டு அடங்கிப்போகும். "சத்தம் எந்தப் பக்கம் சாகுதோ அந்தப் பக்கம்தான் ஊரு" என்றேன்.

நீங்க அண்ணியைப் பார்த்தீங்க. அண்ணி உங்களைப் பார்த்தாங்க.

அதற்கு முந்தின வருசம் மாசிப் பந்தயத்தில் என்ன நடந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மணப்பட்டில் விடியற்காலை கிளம்பி, கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நங்கூரம் போட்ட கொடி மிதவையைச் சுற்றி, புதுச்சேரிக் கடற்கரையில் முடிகிற பந்தயம். இரண்டு பேர் ஏறுகிற சின்னப் பாய்ப் படகுகள். திரும்பும்போது பனி இறங்கிவிட்டது. நீங்களும் அண்ணியின் தம்பி கலிவரதனும் வழி தப்பி, கடலூருக்கும் தெற்கே எங்கேயோ போய் ஒதுங்கி, பொழுது சாயத்தான் வீடு வந்தீங்க. அண்ணி அன்றெல்லாம் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. "பனியில வழி தெரியற மாதிரி ஒண்ணு கையில இருந்தா இந்த வருசம் போகட்டும். இல்லன்னா படகைக் கவுத்துப் போட்டுட்டு வூட்டுல உக்காரட்டும்" என்று என்னிடம்தான் சொன்னாங்க, உங்களிடம் இல்லை.

"ரேடியோ வழி சொல்லுமா தங்கச்சி?"

"கோடு சொல்லும் அண்ணா. கோட்டுக்கு ரெண்டு முனை. ஒரு முனையில ஊரு, இன்னொரு முனையில நடுக்கடல். எது எதுன்னு அதுக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

"அது போதும்" என்றீங்க.

எனக்குத்தான் போதவில்லை. ரேடியோவுக்கு வழி தெரிந்து என்ன, ஓர் அலை மேலே விழுந்தால் முடிந்தது கதை. முதலில் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாயைக் கட்டிக் கொடுத்தேன். வெயில் ஏறியதும் பைக்குள்ளேயே வேர்த்து, வெளித் தண்ணீர் ஒரு சொட்டு படாமலே ரேடியோ நனைந்தது. அடுத்து பிஸ்கட் டப்பா. மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றி அடைத்தேன். தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன், ஒரு குமிழி வரவில்லை. அவ்வளவு பெருமை எனக்கு. ஆனால் தகரத்துக்குள் போனதும் ஸ்டேஷனே போய்விட்டது. இரும்புப் பெட்டிக்குள் ரேடியோ அலை நுழையாது என்று படித்தவள்தான் நான். படித்தது கைக்கு வர அந்த டப்பா தேவைப்பட்டது.

மரப்பெட்டி யோசனை உங்களுடையது. படகுப் பலகை இடுக்கில் நீங்க பூசுகிற குங்கிலியத்தையும் எண்ணெயையும் காய்ச்சிப் பெட்டியின் மூலையெல்லாம் பூசினீங்க. மேலே கண்ணாடி, அதன் அடியில் சைக்கிள் டியூபை வெட்டி வளையமாக வைத்து நாலு பக்கமும் திருகாணி. ஸ்டேஷன் பிடிக்கும் திருகின் தண்டு வெளியே வரும் ஓட்டைக்கு ஒரு துண்டு ரப்பர்க் குழாய், அதற்குள் கெட்டியாக கிரீஸ். உள்ளே வேர்ப்பதற்கு வழி சொன்னது அண்ணி. "ஈரத்தை இழுக்கணும்னா சுண்ணாம்பு வெச்சுப் பாரு, தண்ணி காட்டாத சுண்ணாம்பு" என்றாங்க. சுட்ட கிளிஞ்சலைத் துணியில் முடிந்து பெட்டி மூலையில் வைத்தேன். கண்ணாடி மறுபடி மங்கவே இல்லை. எந்தப் புத்தகத்தில் படித்தாங்க அண்ணி?

பெட்டியை நீங்க படகின் குறுக்குப் பலகையில் ஆணி வைத்து அடித்தீங்க. நாலு நாளில் ரேடியோ ஊமை. திறந்து பார்த்தால் உள்ளே ஈயப் பற்று மூன்று இடத்தில் விட்டிருந்தது. படகு அலையில் ஏறி இறங்கி அடிக்கும் ஒவ்வொரு அடியும் நேராக ரேடியோவுக்குப் போயிருக்கிறது. ஆணியைப் பிடுங்கிவிட்டு, நாலு மூலையிலும் டியூப் ரப்பரால் தொட்டில் மாதிரித் தொங்கவிட்டோம். தொட்டிலை ஒரு வட்டப் பலகையில் வைத்தோம், சுற்றித் திருப்பிக் கோடு பார்ப்பதற்காக.

அப்புறம்தான் நம் சண்டை. யாரிடமோ கேட்டு ஒரு திசைகாட்டி வாங்கி வந்தீங்க. பத்திரமான இடம் என்று அதைப் பெட்டிக் கண்ணாடியின் மேலேயே கட்டினேன். நான்தான் கட்டினேன். ரேடியோவின் ஸ்பீக்கரில் ஒரு கனத்த காந்தம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாததா? எப்படியோ அன்றைக்குத் தோன்றவில்லை. வெள்ளோட்டத்துக்குப் போனவங்க லேசான பனியில் முள்ளை நம்பி வந்து இரண்டு ஊர் தள்ளி ஏறினீங்க. அந்த ஊர்க்காரர்கள் கரையில் நின்று, "இன்னா அஞ்சாப்புலி, பொண்ணு எடுக்க வந்தியா?" என்று கேட்டார்களாம்.

பெட்டியோடு கடைக்கு வந்தீங்க. அத்தாவும் இருந்தார். "இது கட இல்ல தங்கச்சி, கடலு. இங்க தப்பானா காசு போவும். அங்க தப்பானா ஆள் போவான்" என்று சொல்லிவிட்டு, பெட்டியை மேசை மேல் வைத்துவிட்டுப் போனீங்க. குரலைக்கூட உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

பதினைந்து நாள் அந்தப் பெட்டியைத் தொடவில்லை நான். அத்தாதான் ஒரு நாள் சாப்பிடும்போது, "அந்த ஆளு சொன்னது நெசந்தானேம்மா. நெசத்துக்குக் கோவிச்சுக்கினா எப்படி?" என்றார். அன்று சாயந்திரமே ஸ்பீக்கரைக் கழற்றி எறிந்தேன். இயர்ஃபோன் வைத்தேன். திசைகாட்டியைப் படகின் பின்கோடிக்குத் தள்ளச் சொல்லி எழுதி, பெட்டியை பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். மறுநாள் காலை நீங்க ஒரு கூடை இறாலோடு வந்து நின்னீங்க.

பந்தயத்தன்று நானும் அத்தாவும் முதல் பஸ்ஸைப் பிடித்துப் புதுச்சேரிக்குப் போனோம். அண்ணி முன்னாடியே வந்து மணலில் உட்கார்ந்திருந்தாங்க. ஏழு மணிக்கெல்லாம் எதிரே கடல் இருக்கிற அடையாளமே தெரியாத பனி. அலைச் சத்தம் மட்டும் கேட்டது. என் மடியில் ஒரு சின்ன ரேடியோ. நீங்க கேட்பதையே நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற ஒரு தைரியம்.

ஒரு விஷயத்தை நான் உங்களிடம் சொல்லியிருந்தேன், அண்ணியிடம் சொல்லவில்லை. காலை ஒலிபரப்பு முடிந்துவிட்டால் மத்தியானம் வரைக்கும் ஸ்டேஷன் இருக்காது. பனி எட்டு மணிக்குக் கலையும் என்று எல்லோரும் சொன்னார்கள். கலையவில்லை. அறிவிப்பாளர் நிகழ்ச்சிகள் நிறைவடைகின்றன என்று சொன்னார். அப்புறம் வெறும் இரைச்சல்.

"இன்னா, நின்னு போச்சி?" என்றாங்க அண்ணி.

"பேட்டரி அண்ணி" என்றேன். அந்தப் பொய்யை இதுவரை அவங்களிடம் ஒத்துக்கொண்டதில்லை. இதை அவங்களுக்குப் படித்துக் காட்டும்போதுதான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அங்கே நடந்ததைப் பிறகு நீங்களும் கலிவரதனும் மாற்றி மாற்றிச் சொன்னதிலிருந்து அறிந்தேன். மிதவையைச் சுற்றும்போதே பனி மூடிக்கொண்டதாம். காற்று செத்து, படகு இரண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டதாம். திசைகாட்டிக்குள் தண்ணீர் புகுந்து முள் ஒட்டிக்கொண்டது. அதை அடைத்தது நானில்லை என்றாலும் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. மறுபடி காற்று கிளம்பியபோது, காலைக் காற்று தரையிலிருந்துதானே வரும் என்று அதை எதிர்த்தே படகை ஓட்டினீங்க. கலிவரதன் இயர்ஃபோனைக் காதில் வைத்துப் பெட்டியைத் திருப்பினான்.

"மாமா, கோடு குறுக்க காட்டுது."

"அதுக்கு இன்னா தெரியும், சும்மா கெட."

"ரெண்டு வாட்டி பாத்துட்டேன் மாமா. குறுக்கதான்."

அரை மணி நேரம் என்னைத் திட்டிக்கொண்டே ஓட்டியதாகப் பிறகு நீங்களே சொன்னீங்க. அப்புறம் பாயை இறக்கச் சொல்லிவிட்டு, படகின் அடிப்பலகையில் கையை விரித்து வைத்துக் கண்ணை மூடினீங்களாம். மேலே காற்று கிளப்புகிற சின்ன அலையை விட்டுவிட்டு, அடியில் கிழக்கேயிருந்து வரும் பெரிய அலையை மட்டும் தேடியிருக்கீங்க. அது வந்து தூக்கியது. நீங்க நினைத்த பக்கத்திலிருந்து இல்லை. காற்று எப்போதோ திரும்பிவிட்டிருந்தது. அரை மணி நேரமாக ஊரை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்திருக்கீங்க.

கோட்டில் எந்த முனை ஊர் என்று அப்போது தெரிந்துவிட்டது. படகை அதற்கு நேராக வைத்து, பெரிய அலை வலது பின்பக்கத்தில் எங்கே தட்டுகிறது என்று பார்த்துக்கொண்டீங்க. கொஞ்ச நேரத்தில் ஸ்டேஷன் நின்றது. அதற்குப் பிறகு பெட்டி வேண்டியிருக்கவில்லை. அந்தத் தட்டு மாறாமல் பிடித்துக்கொண்டு வந்தீங்க. வழியில் பனிக்குள் ஆள் குரல் கேட்டபோது, கலிவரதனைச் சோற்றுச் சட்டியைத் தட்டச் சொன்னீங்க. பந்தயத்தில் எதிராளிக்கு வழி காட்டுவார்களா அண்ணா? கலிவரதன் இதைக் கேட்டானாம். "கரைக்குப் போயி ஜெயிச்சுக்கலாம், தட்டு" என்றீங்களாம்.

பதினோரு மணிக்குப் பனி கிழிந்தது. வடக்கு ஊர்ப் படகு ஒன்று முதலில் ஏறியது. அதன் பின்னால் உங்கள் மஞ்சள் பாய். உங்கள் பின்னால் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு படகு. அண்ணி எழுந்திருக்கவில்லை. மணலைக் கையால் அள்ளி அள்ளிக் கீழே விட்டுக்கொண்டிருந்தாங்க. மற்றப் படகுகளும் பொழுது சாய்வதற்குள் அங்கங்கே நல்லபடியாகக் கரை சேர்ந்தன.

இரண்டாவது வந்தவருக்கு மாலை உண்டு என்று மைக்கில் கூப்பிட்டார்கள். நீங்க அங்கே போகாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தீங்க. திருகாணியைக் கழற்றி, கண்ணாடியை எடுத்து, "வெரலை வுடு" என்றீங்க. விட்டேன். பொரி மாதிரிக் காய்ந்திருந்தது. "தண்ணியில அஞ்சு மணி நேரம் கெடந்தது தங்கச்சி. பாரு" என்று பக்கத்தில் நின்றவர்களையெல்லாம் கூப்பிட்டு விரல் விடச் சொன்னீங்க. பரீட்சையில் பாஸானபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

போன வருசம், மீன் ஏற்றிவிட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்று கலிவரதன் கடை வாசலில் வந்து நின்றான். நான் சால்டரிங் கம்பியைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் சீக்கிரம் யாராவது எழுப்பியிருந்தால் என்று அண்ணி இப்போதும் கேட்கிறாங்க. அதற்குப் பதில் உங்களுக்குத் தெரியுமா?

ஊர்ச் சேதி சொல்கிறேன். உங்கள் படகைக் கலிவரதன்தான் ஓட்டுகிறான். இந்த மாசிக்குப் பந்தயக் கமிட்டி கூடி, பெட்டி இல்லாத படகைக் கடலில் விடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறது. பதினோரு பெட்டி செய்கிறேன். குங்கிலியம் பூச அண்ணி வாரத்தில் இரண்டு நாள் வருகிறாங்க, என்னைவிட மழமழப்பாகப் பூசுகிறாங்க. இப்போது இரண்டு டியூபைக் கலந்தால் கல்லாகிற பசை ஒன்று வந்திருக்கிறது. அதைக் காட்டினேன், முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டாங்க. புதுச்சேரியிலிருந்து ஒருவர் கடல் ஆழம் சொல்கிற மெஷின் கொண்டுவந்து, பந்தயப் படகில் வைக்க வேண்டும், நனையக் கூடாது என்கிறார். அதன் கம்பி தண்ணீருக்குள்ளேயே இறங்க வேண்டுமாம். எப்படி அடைப்பது என்று இன்னும் பிடிபடவில்லை. பிடிபடும்.

இத்தனை பெட்டி செய்தும் நான் படகில் ஏறியதில்லை அண்ணா. கரையில் நின்று வாங்கிப் பார்ப்பதோடு சரி. அத்தாவிடம் கேட்டேன். மூன்று நாள் கழித்து நேற்று, "தலையில துணியக் கெட்டியாக் கட்டிக்கோ, காத்து அடிக்கும்" என்றார். வருகிற வெள்ளிக்கு அடுத்த நாள் கலிவரதனோடு போகிறேன், அண்ணியும் வருகிறாங்க.

அதனால் இதை உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன். இனி நான் செய்கிற எந்தப் பெட்டியும், என்னோடு ஒரு தடவை கடலுக்குப் போய் நனையாமல் திரும்பாமல், இன்னொருத்தர் படகில் ஏறாது.

இறால் கூடையைத் திருப்பித் தராத
உங்கள் பாகூர்த் தங்கச்சி,
மெகரு